நியூரோஃபீட்பேக்: பி.டி.எஸ்.டி.க்கு எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் கைவிடும்?

தன் மூளையலையைத் திரையில் பார்த்து, அதைத் தானே திருத்திக்கொள்ளப் பழகும் பயிற்சிதான் நியூரோஃபீட்பேக். அந்தப் பெயரைச் சொன்னதும் முதலில் வரும் கேள்வி, "தலையில கரண்ட் வைப்பீங்களா?" என்பதுதான். வைப்பதில்லை. தலைத்தோலில் ஒட்டும் எலக்ட்ரோடு மூளையில் எழும் மின்னலையை வாங்கிக் கணினிக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை. அந்த அலையின் உயரம் சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு மைக்ரோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்த விளக்கத்தை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு வருபவர்களில் தடுப்புக்காவலில் மின்சார வதைக்கு உள்ளானவர்களும் உண்டு. சிட்னியில் 1988 முதல் இயங்கிவரும் ஸ்டார்ட்ஸ் என்ற அமைப்பு, சித்திரவதைக்கும் போருக்கும் தப்பிவந்த அகதிகளுக்குப் பேச்சுச் சிகிச்சையோடு நியூரோஃபீட்பேக்கையும் சேர்த்தே கொடுக்கிறது. ஈழத்திலிருந்து போனவர்களும் அங்கே உதவி பெறுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் தலையில் கேட்காமல் கை வைப்பதே தவறு. கம்பியை அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் முதலில் தன் தலையில் ஒட்டிக்காட்ட வேண்டும். கதவு கண்ணுக்குத் தெரியும்படி நாற்காலியைப் போட வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் நீங்களே பிடுங்கி எடுத்துவிடலாம்" என்று சொல்லி, ஒருமுறை எடுத்தும் பார்க்க வைக்க வேண்டும். முதல் சந்திப்பு முழுவதும் இதற்கே போனாலும் நஷ்டமில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறில், ஆபத்து முடிந்த பிறகும் உடல் காவல் நிலையிலேயே நிற்கும். பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளி எழுவது, விடிய விடியத் தூக்கம் வராதது, நடந்தது மறுபடி நடப்பதுபோல் ஃப்ளாஷ்பேக் வருவது, அதை நினைவூட்டும் இடம், மனிதர், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. இதற்கு உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கப்படுவது அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகள்தான். ஆனால் நினைவைத் தொட்ட உடனே உடல் கொதித்து எழுகிறவர்களும், உறைந்து மரத்துப்போகிறவர்களும் அந்தச் சிகிச்சையில் உட்காரவே முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நியூரோஃபீட்பேக்குக்கு வேலை இருப்பது இந்த இடத்தில்தான். உடலின் கொதிப்பைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால், அடுத்த சிகிச்சையைத் தாங்கும் தெம்பு வரும். நினைவை அது அழிப்பதில்லை. "முப்பது அமர்வில் பி.டி.எஸ்.டி. போய்விடும்" என்று விளம்பரம் செய்பவரிடம் போகாமலிருப்பதே நல்லது.

பயிற்சியின் அடிப்படை, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைப்பது போன்றதுதான். தன் மூளையலை ஏறி இறங்குவதை யாராலும் உணர முடியாது. அதைத் திரையில் காட்டினால், ஒலியாகக் கேட்க வைத்தால், மூளை அதைப் பிடித்துத் திருத்திக்கொள்ளப் பழகுகிறது. விரும்பிய அலை எழும்போது படம் ஓடும், ஒலி வரும். விலகும்போது படம் மங்கும், ஒலி நிற்கும். இந்தத் துறையின் வேர் பழையது. 1924-ல் ஜெர்மனியின் யெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையலையை முதன்முதலில் பதிவு செய்தார். கண்ணை மூடினால் ஆல்பா என்ற நிதானமான அலை எழுவதையும் திறந்தால் அடங்குவதையும் கண்டவர் அவரே. பிறகு 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜோ கமியா, மனிதர்கள் ஆல்பாவைத் தாமே கட்டுப்படுத்தப் பழகலாம் என்று காட்டினார். லாஸ் ஏஞ்சலஸில் பாரி ஸ்டெர்மன் பூனைகளுக்கு 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு அத்தனை முறை ஏறி இறங்கும் அலையைப் பழக்கினார்.

மேசைமேல் இருக்கும் சாமான்கள் குறைவுதான்: சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், வெள்ளி அல்லது தங்கப் பூச்சுள்ள சிறு கிண்ண எலக்ட்ரோடுகள், காதில் மாட்டும் கிளிப், கடத்தும் பசை, கணினி. குறைந்தது மூன்று கம்பிகள் வேண்டும்: அளக்கும் இடத்தில் ஒன்று, ஒப்பிட ஒன்று, எர்த் ஒன்று. தலையில் இடம் குறிக்க 10-20 முறை என்ற சர்வதேச அளவுமுறை இருக்கிறது. மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பிடரி எலும்பின் மேடு வரை டேப் வைத்து அளந்து, 10, 20 சதவீத இடைவெளிகளில் புள்ளி குறிப்பார்கள். உச்சந்தலை நடு சி-இசட். அதற்குப் பின்னால் நடுக்கோட்டில் பி-இசட். வலது காதுக்கு மேல் டி-4. கண்மதிப்பில் ஒட்டுபவர் இரண்டு சென்டிமீட்டர் தவறினாலும் வேறு இடத்தைப் பழக்கிக்கொண்டிருப்பார்.

நம் ஊரில் பாதி சிக்கல் எண்ணெயால் வருகிறது. தேங்காயெண்ணெய் தடவிய தலையில் பசை பிடிக்காது, மின்தடை ஏறிவிடும். முந்தின இரவு ஷாம்பு போட்டுக் குளித்து, அன்று எண்ணெய், ஹேர் ஜெல் எதுவும் தடவாமல் வர வேண்டும். எலக்ட்ரோடு வைக்கும் இடத்தில் முடியை வகிர்ந்து, சொரசொரப்பான ஜெல்லால் மெதுவாகத் தேய்த்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். கம்பிகளுக்கிடையே பெரிய வித்தியாசமும் கூடாது. அளந்தீர்களா என்று தாராளமாகக் கேளுங்கள். அளக்காமல் ஆரம்பித்தால், திரையில் ஆடும் கோடு மூளையலையா, சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலா என்று யாருக்கும் தெரியாது. போன் சார்ஜரையும் ட்யூப்லைட்டையும் தள்ளிவைத்தாலே பல நாள் தலைவலி தீரும்.

எந்த அலையை, எந்தத் திசையில்

இதில் ஒரே ஒரு சரியான முறை என்று கிடையாது. மூன்றைச் சொல்லலாம்.

பரவலாகத் தெரிந்தது, வலப்பக்கத்தை அமைதிப்படுத்துவது. மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க்கின் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில் எலக்ட்ரோடு டி-4-லும் ஒப்பீட்டுக் கம்பி பின்தலையின் வலப்பக்கமுள்ள பி-4-லும் இருந்தன. வாரம் இரண்டு வீதம் 24 அமர்வுகள். நாள்பட்ட பி.டி.எஸ்.டி. உள்ள, ஏற்கெனவே சிகிச்சை பெற்றும் தேறாத 52 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றதைக் காத்திருக்க வைத்தார்கள். முடிவில் பயிற்சி பெற்றோரில் 27.3 சதவீதத்தினருக்கும் காத்திருந்தோரில் 68.2 சதவீதத்தினருக்கும் நோய் நீடித்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் காத்திருந்தவர்களுக்குப் போலிப் பயிற்சி, அதாவது அவர்களின் சொந்த அலையோடு தொடர்பில்லாத படமும் ஒலியும் காட்டும் பயிற்சி, தரப்படவில்லை. வாரம் இருமுறை ஒருவர் கவனித்துப் பார்த்துக்கொண்டதன் பங்கு அதில் எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கனடாவின் ஒன்டாரியோவில் மனநல மருத்துவர் ரூத் லானியஸின் குழு செய்வது. இவர்கள் பி-இசட்-டில் ஆல்பாவைக் கூட்டுவதில்லை, குறைக்கச் சொல்கிறார்கள். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். ஆனால் 2014-ல் 30 நிமிடப் பயிற்சி ஒன்றுக்குப் பிறகு பார்த்தபோது, குறைக்கப்பட்ட ஆல்பா ஓய்வில் மீண்டும் எழும்பியது, கூடவே மன அமைதியும் கூடியது. அடுத்து 2020-ல் 36 பேருடன், வாரம் ஒன்றாக 20 வாரம், போலிப் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். உண்மையான பயிற்சி பெற்ற குழுவில்தான் அறிகுறிகள் குறைந்தன. ஆள் எண்ணிக்கை சிறிதென்றாலும், போலிக்குழு வைத்துப் பார்த்ததால் இதற்குக் கூடுதல் எடை கொடுக்கலாம்.

மூன்றாவது, ஆல்பா-தீட்டா. 1991-ல் பெனிஸ்டன், குல்கோஸ்கி இருவரும் வியட்நாம் போரில் சண்டையிட்ட 29 முன்னாள் வீரர்களை வைத்துச் செய்த ஆய்வால் புகழ்பெற்றது. கண்ணை மூடி, தூங்குவதற்குச் சற்று முந்தின நிலைக்குப் போவார்கள். ஆல்பாவைவிட மெதுவான தீட்டா அலை எழுந்து ஆல்பாவைத் தாண்டும். அந்த நேரத்தில் புதைந்த காட்சிகள் மேலே வரும். கைதேர்ந்தவர் பக்கத்தில் இருந்தால் அது பயனாகும். இல்லாவிட்டால் நேராக ஃப்ளாஷ்பேக்கில் கொண்டுபோய்விடும். அடிக்கடி தன்னிலை இழந்து விலகிப்போகிறவர்களுக்கு, தீட்டாவைக் கூட்டும் எந்தப் பயிற்சியையும் தொடக்கத்தில் கொடுக்கக் கூடாது. யூடியூப் பார்த்து வீட்டில் செய்து பார்க்கும் காரியமே அல்ல இது.

அமர்வில் தவறுவது எங்கே

ஒரு அமர்வு என்றால் முதலில் கண் திறந்து, கண் மூடி சில நிமிட அடிப்படைப் பதிவு. சிலருக்குக் கண்ணை மூடினாலும் ஆல்பா எழாது. மூடுவதே பயமாக இருக்கும். அவர்களைக் கட்டாயப்படுத்தாமல் கண் திறந்தபடியே தொடங்கலாம். பிறகு மூன்று நிமிடச் சுற்றுகள், நடுவில் சிறு இடைவெளி. முதல் நாள் மொத்தம் 6 முதல் 9 நிமிடம் போதும். தாங்கினால் படிப்படியாக 20, 30 நிமிடம். ஆர்வத்தில் முதல் நாளே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அன்றிரவு தூக்கம் கெட்டு, அடுத்த வாரம் ஆளே வராமல் போவது வழக்கமான கதை.

டி-4 இருப்பது தாடையை அசைக்கும் பொட்டுத்தசையின் மேல். பல்லைக் கடித்தால் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு குதிக்கும். அதை 'மூளையின் பதற்றம்' என்று படித்துக்காட்டுபவரும் உண்டு. பாதித் திரை முழுவதும் மூல அலையை ஓடவிட்டு, தாடையை விடச் சொல்லி வித்தியாசம் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது. நெற்றியில் கண் சிமிட்டல் இதே குழப்பத்தைச் செய்யும். அது தாழ்ந்த அலைபோலப் பதிவாகும். நெற்றிப்பட்டை வடிவில் வீட்டுக்கென விற்கும் கருவிகளில் பெரும்பாலும் உணரி இருப்பது அந்த இடத்தில்தான். தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம், பி.டி.எஸ்.டி. பயிற்சிக்கு அது போதாது.

இன்னொன்று, பரிசு கொடுக்கும் எல்லைக்கோடு, அதாவது அலை எந்த அளவைத் தொட்டால் ஒலி வரும் என்பது. பயிற்சியின் தொடக்கத்தில் நேரத்தில் 60 முதல் 80 சதவீதம் வரை ஒலி வரும்படி வைப்பார்கள். குறைத்தால் தோற்றுக்கொண்டே இருக்கிறோம் என்ற எரிச்சல் வரும், அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது. மென்பொருளில் இதைத் தானியங்கியாக விடும் வசதி உண்டு. சௌகரியம்தான், ஆனால் ஆள் தூங்கி வழிந்தாலும் கோடு கூடவே இறங்கி வந்து ஒலி கொடுத்துக்கொண்டேயிருக்கும். அப்போது தூங்குவதற்குத்தான் பரிசு.

அமர்வுக்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரத்தில் தலைவலி, களைப்பு, எரிச்சல், கனவு கூடுவது ஆகியவை வரலாம். இவற்றை "கழிவு வெளியேறுகிறது" என்று சமாளிப்பவரை விட்டுவிடுங்கள். தூக்கம் கெட்டால் நேரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பரிசளிக்கும் அலைவரிசையை அரை ஹெர்ட்ஸ், ஒரு ஹெர்ட்ஸ் நகர்த்திப் பார்க்க வேண்டும், அல்லது இடத்தை மாற்ற வேண்டும். இதற்காகவே தூங்கிய நேரம், விழித்த முறை, கோபம், தலைவலி என்று நாலு வரிக் குறிப்பைத் தினமும் எழுதி வரச் சொல்கிறோம்.

மருந்து சாப்பிடுபவர்கள் அதை மறைக்கக் கூடாது. பென்சோடயாசெபைன் வகைத் தூக்க மாத்திரைகள் பீட்டா என்ற வேகமான அலையைக் கூட்டும். தெரியாமல் அளந்தால் கணக்கே பிசகும். பயிற்சி நன்றாகப் போகிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. குறைப்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வலிப்பு நோய், தலைக்காயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கும்போது, இன்னும் அடிக்கும் ஆளோடு ஒரே வீட்டில் இருக்கும்போது, கருவி இரண்டாம் பட்சம், முதலில் பாதுகாப்பு. இந்தியாவில் 14416 டெலி மானஸ், இலங்கையில் 1926 ஆகிய மனநல உதவி எண்களில் பேசலாம்.

ஆதாரம் பற்றிக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. தூக்கமின்மைக்கு 2017-லும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவுக் கோளாறுக்கு 2021-லும் வந்த போலிப்பயிற்சி ஒப்பீட்டு ஆய்வுகளில், உண்மையான நியூரோஃபீட்பேக் போலியைவிடக் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. பி.டி.எஸ்.டி.க்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டி, பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய ஆதாரமில்லை என்கிறது. அதே ஆண்டு, மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியோடு தொடர்புடைய சிக்னலைப் பழக்கும் 'பிரிஸம்' என்ற கருவிக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அந்நாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, அதுவும் மற்ற சிகிச்சைக்குத் துணையாக மட்டுமே.

கருவியில்லாத வழிகளையும் எடை போட்டுப் பாருங்கள். சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் கண்ட 31 தமிழ்க் குழந்தைகளுக்கு ஆறே அமர்வுகள் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து முதல் குழுவில் 81 சதவீதமும் இரண்டாவதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். கடன் வாங்கி 40 அமர்வுக்கு முன்பணம் கட்டப்போகிறவர், இதைத் தெரிந்துகொண்டு கட்டட்டும்.

அப்படியும் சேர்கிறீர்கள் என்றால், பணத்தை ஐந்து ஐந்து அமர்வாகக் கட்டுங்கள். நடத்துபவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, அல்லது மனநல மருத்துவரின் மேற்பார்வையில் இருப்பவரா என்று கேளுங்கள்; கருவி விற்ற கம்பெனியின் இரண்டு நாள் சான்றிதழ் கணக்கில் வராது. முதல் நாளே, பி.டி.எஸ்.டி. அறிகுறிகளை அளக்கும் பி.சி.எல்.-5 வினாத்தாளை நிரப்புங்கள். 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33 வரை அல்லது அதற்கு மேல் வந்தால் பி.டி.எஸ்.டி. இருக்க வாய்ப்பு அதிகம், உறுதிசெய்ய நேர்காணல் தேவை. மாதம் ஒருமுறை அதையே நிரப்பி நகலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 10 மதிப்பெண் இறங்கினால் உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். 10 முதல் 12 அமர்வுக்குள் மதிப்பெண்ணும் அசையவில்லை, தூக்கமும் மாறவில்லை என்றால், வண்ண வண்ண மூளைப்படத்தைக் காட்டி 'உள்ளே மாறிக்கொண்டிருக்கிறது' என்று சொன்னாலும் நிறுத்திக்கொள்ளலாம். இறங்கியிருந்தால், வாரம் இரண்டை ஒன்றாக்கி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கி, அந்த இடைவெளியில் பேச்சுச் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.