மூன்று தொண்டை, ஒரு முழு பேண்டு

மூன்றே பேர் பாடிய ஜாஸ் இசைத்தட்டில் ஒரு பேண்டே ஒலிப்பது எப்படி என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது டேவ் லாம்பர்ட், ஜான் ஹென்ட்ரிக்ஸ், ஆனி ராஸ் மூவரைத்தான். ஜாஸ் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் பேண்டு வாசித்த டிரம்பெட், சாக்ஸஃபோன் பகுதிகளுக்குச் சொற்கள் அமைத்து, 1957-இல் நியூயார்க்கில் பாடிப் பதிவு செய்தார்கள். முதலில் ஒரு பாடகர் கூட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். ஜாஸுக்கே உரிய துள்ளலான தாள ஓட்டம், அதாவது ஸ்விங் நடை, வரவில்லை. பிறகு மூவருமே திரும்பத் திரும்பப் பாடி, குரலை அடுக்கினார்கள்.

அக்காலத்தில் குரலை அடுக்கும் வழக்கமான முறை எளிது. முதல் டேப்பை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து பாடி, இரண்டையும் இரண்டாவது டேப்பில் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் ஏறும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கு இது பழகிய தொல்லை. கலந்ததைப் பிரிக்கவும் முடியாது. ஒருவர் பிசகினால் அந்த அடுக்கையே மறுபடி பாட வேண்டும்.

சரி, ஒரே பதிவை இரண்டாக்கிச் சேர்த்தால் போதாதா? போதாது. அலைகள் முகட்டோடு முகடு பொருந்துவதால் ஒலி 6 டெசிபெல் கூடும். காதுக்குக் கேட்பதோ ஒரே ஆள்தான். இரண்டாம் முறை புதிதாகப் பாடிச் சேர்த்தால் சராசரியாக 3 டெசிபெல்தான் கூடும், ஆனால் இரண்டு ஆள் கேட்கும்! ஒரு குரல் 440 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 440 அதிர்வு), மற்றது 442 என்றால் நொடிக்கு இருமுறை ஒலி ஏறி இறங்கும். தொடக்கமும் சில மில்லி நொடிகள் முன்பின்னாகும். இந்தச் சிறு பிசகுகளைத்தான் காது 'கூட்டம்' என்று எடுத்துக்கொள்கிறது. உயிரெழுத்து நீளும்போது இது அழகு. 'ட', 'க' போன்ற வல்லினங்கள் தள்ளிப்போனாலோ திக்குவாய் போலிருக்கும். அந்த எழுத்துகளை மட்டும் மூவரும் ஒரே கணத்தில் உச்சரித்தே ஆக வேண்டும். இன்றைய மென்பொருளின் 'கோரஸ்' பொத்தான் ஒரே மூச்சைத்தான் பல நகலாக்குகிறது. எனக்கு அது ஒட்டுவதில்லை.

மேடையில் அடுக்குகள் இல்லை, மூன்று சுரம்தான். கோர்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) அடிச்சுரத்தைத் தாழ்ந்த சுரம் வாசிக்கும் பாஸ் வாத்தியத்திடம் விட்டுவிட்டு, அதன் குணத்தைக் காட்டும் மூன்றாம், ஏழாம் சுரங்களைக் குரல்கள் பிடித்துக்கொண்டால் மிச்சத்தைக் காது நிரப்பிக்கொள்ளும்.

1962-இல் இந்தக் குழுவுக்குக் கிராமி விருது கிடைத்தது. அதே ஆண்டு ஆனி ராஸ் உடல்நலம் குன்றி விலகினார். கொழும்பில் பிறந்த யோலாண்ட் பாவன் அவரிடத்துக்கு வந்தார். குரலின் நிறம் மாறியது, கலவையும் மாறியது. 1964-இல் குழு கலைந்தது. 1966-இல் லாம்பர்ட் சாலை விபத்தில் இறந்தார்.