வீட்டு வாசலில் மினியின் சப்ஃபிரேமை இறக்குவதற்கு முன்

போன மாதம் எங்கள் கராஜுக்கு ஒரு பழைய மினி கார், லாரியில் ஏறி வந்தது. 1978 மாடல். மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து, முன் சப்ஃபிரேமை, அதாவது எஞ்சினும் முன் சக்கரங்களும் உட்காரும் இரும்புச் சட்டத்தை, தானே கழற்றி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டியிருந்தார் அதன் சொந்தக்காரர். பெயின்ட் வேலை அவ்வளவு நேர்த்தி. ஆனால் பிரேக் பெடல் மட்டும் பஞ்சு மாதிரி உள்ளே போனது. நாலைந்து தடவை ஏர் எடுத்தும், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றியும், சரியாகவில்லை என்றார். வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். சப்ஃபிரேமுக்கும் பாடியின் தரைத்தகட்டுக்கும் நடுவே பிரேக் பைப் மாட்டி நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தில் விரிசல் விட்டு ஆயில் கசிந்துகொண்டிருந்தது.

அவர் நல்லவேளையாகத் தெருவைத் தாண்டவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தப் பைப்தான்.

பிரிட்டனில் இருக்கும் நம்மவர்களில் பழைய மினி வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனத்தில் வைக்க வேண்டும். 40 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து வண்டி ஓட்டத் தகுந்ததா என்று பார்க்கும் வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. இதைப் பலர் சலுகையாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பயமாக இருக்கிறது. வீட்டில் சஸ்பென்ஷன், பிரேக் எல்லாவற்றையும் பிரித்து மாட்டிய வண்டியை வேறு ஒரு ஜோடிக் கண்கள் பார்க்காமலேயே ரோட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று அதற்கு அர்த்தம் ஆகிவிடுகிறது. வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற சட்டப் பொறுப்பு மட்டும் ஓட்டுபவர் தலையில் அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1959 ஆகஸ்டில் அலெக் இசிகோனிஸின் மினி வெளிவந்தபோது அதில் புதுமையாக இருந்தது இடத்தை மிச்சம் பிடித்த விதம். எஞ்சினைக் குறுக்கே வைத்து, அதன் அடியிலேயே கியர்பாக்ஸைப் பொருத்தி, இரண்டுக்கும் ஒரே ஆயில் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த மொத்தக் கட்டும், முன் சக்கரங்களும், சஸ்பென்ஷனும் உட்காரும் இரும்புத் தொட்டில்தான் முன் சப்ஃபிரேம். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து சுமார் 150 கிலோ வரும். ஸ்பிரிங்குக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்டன் வடிவமைத்த ரப்பர் கோன். பக்கத்துக்கு ஒன்றாக, சப்ஃபிரேமில் மேலே எழும்பி நிற்கும் டவருக்குள் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில், அம்பாசடர் வண்டிகளில். அதன் மூலவண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும், பிற்பாடு மினியும் இங்கே ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் கௌலி ஆலையில்தான் உருவாயின என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அம்பாசடரின் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுக்கி வைத்த இரும்புத் தண்டு. என் மேஸ்திரி அதைத் தொட விடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "இந்த போல்ட்டு எதைப் பிடிச்சிட்டிருக்கு? விட்டா அது எங்க போகும்?" பதில் சொல்லும்வரை ஸ்பானரைக் கையில் தர மாட்டார். மினியின் முன்பக்கத்தைப் பிரிக்கிறவருக்கும் அதே கேள்வியைத்தான் வைக்கிறேன்.

முதலில் பாடியின் எடை. கராஜில் நாங்கள் சப்ஃபிரேமை எஞ்சினோடு சேர்த்தே இறக்குவோம். பாடியை லிஃப்ட்டில் தூக்கிவிட்டு, அடியில் கட்டை உருட்டுவது போல் மொத்தத்தையும் வெளியே தள்ளிவிடலாம். இந்த முறையை வீடியோவில் பார்த்துவிட்டு வீட்டில் செய்கிறார்கள். அதில்தான் ஆபத்து. எஞ்சின் தலைக்கு மேல் முன் பேனல் தாண்டும் அளவுக்குப் பாடி உயர வேண்டும். தூக்கிய வண்டியைத் தாங்க வீட்டில் வைத்திருக்கும் சாதாரண ஆக்ஸில் ஸ்டாண்டுக்கு அந்த உயரம் எட்டாது. உடனே ஸ்டாண்டுக்கு அடியில் கான்கிரீட் கல் வைப்பார்கள். கட்டட வேலைக்கான கல் பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். ஸ்டாண்டின் நாலு சிறிய கால்கள் குத்தும் பாரத்தில் முன்னறிவிப்பே இல்லாமல் பொடிந்துவிடும்.

அதனால் வீட்டில் செய்கிறவர்கள் எஞ்சினை மட்டும் முதலில் மேல்வழியாக எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. எஞ்சின் தூக்கும் கிரேன் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும், ஆகட்டும். எஞ்சின் போன பிறகு மிஞ்சும் சப்ஃபிரேமை இரண்டு பேர் கையாளலாம். பாடியையும் அதிக உயரத்துக்குத் தூக்க வேண்டியதில்லை.

ஸ்டாண்டு எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மினியின் ஜாக்கி போடும் இடம் பக்கவாட்டில், கதவுக்கு அடியில் ஓடும் ‘சில்’ என்ற தகட்டின் ஓரத்தில் இருக்கிறது. வயதான மினியில் துரு முதலில் சாப்பிடும் இடங்களில் அதுவும் ஒன்று. மேலே புதுப் பெயின்ட் பளபளக்கும். உள்ளே காகிதமாக இருக்கும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வராத இடத்தில் பாரத்தை வைக்காதீர்கள். முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பர் உறுதியாக இருந்தால் அதற்கு அடியில் தடித்த மரப்பலகை கொடுத்து, பலகைக்கு அடியில் ஸ்டாண்டு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை நம்பி விரல்கூட உள்ளே போகக் கூடாது. ஸ்டாண்டில் உட்கார்ந்த பிறகு தோளைக் கொடுத்து வண்டியை நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போது விழட்டும்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். அங்கிருந்து தடித்த கேபிள் தரைக்கு அடியில் முன்பக்கம் வரை ஓடுகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் மற்றது எல்லாம். கூலன்ட், பெட்ரோல் குழாய், ஆக்ஸிலரேட்டர், சோக், ஸ்பீடோமீட்டர் கேபிள், சைலன்சர் கிளாம்ப், கியர் ராட் இவற்றை எல்லா வொர்க்‌ஷாப் புத்தகமும் வரிசையாகச் சொல்லும். கழற்றும் ஒவ்வொன்றையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ரப்பர் கோனைப் பற்றித்தான் நான் நின்று பேச வேண்டும். ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியில், கீழ்முனை சக்கரத்தைச் சப்ஃபிரேமோடு இணைக்கும் மேல் ஆர்மில். அதைக் கழற்றிச் சக்கரம் தொங்கியதும் பாரம் எல்லாம் இறங்கிவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. மேல் ஆர்ம் ஒரு ரப்பர் தடுப்பில் முட்டி நிற்பதால்தான் தொங்குகிறது. கோனில் அழுத்தம் இன்னும் தங்கியிருக்கிறது. சப்ஃபிரேம் வெளியே வந்து பெஞ்சில் கிடந்தாலும் தங்கியிருக்கும். அந்த நிலையில் மேல் ஆர்ம் திரும்பும் அச்சு ஊசியைத் தட்டி எடுக்க முயன்றால் கையில் அடி விழும்.

இதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. டவர் போல்ட் இருந்த துளை வழியாக இறக்கி, கோனின் நடுவில் உள்ள மரையில் திருகி, கோனை மேல்நோக்கி இழுத்து அழுத்த வேண்டும். இதில் ஒரு பொறி உண்டு. பழைய கோன்களில் அங்குல மரை, பின்னால் வந்தவற்றில் மெட்ரிக் மரை. இடையில் யாராவது கோன் மாற்றியிருந்தால் வண்டியின் வருடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டும் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும். தொடக்கத்தில் எனக்கே இது நடந்தது. கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது என்று நினைத்துத் திருகினேன். பாதி இழுத்ததும் மரை உரிந்து, கோன் விட்டுக்கொண்டது. என் இடது கட்டை விரல் நகம் போய், ஆறு மாதம் கழித்துத்தான் முழுதாக வளர்ந்தது. விரல் போகாததற்கு என் கை அந்த நொடி ஆர்முக்கு வெளியே இருந்ததுதான் காரணம். கருவி கையாலேயே குறைந்தது ஏழெட்டுச் சுற்று தடையில்லாமல் உள்ளே போக வேண்டும். போகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1964க்குப் பிறகு சில வருடங்கள் வந்த மினிகளில் ரப்பர் கோனுக்குப் பதில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷன் இருக்கும். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே குழாயில் இணைந்திருக்கும். உள்ளே சுமார் 280 பி.எஸ்.ஐ. அழுத்தம், டயரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு. அந்தக் குழாயின் நட்டை வீட்டில் அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். தெரிந்த கராஜில் கொடுத்து அழுத்தத்தை இறக்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பிரேக் பக்கம் போகும்போது ஒன்று. பழைய பிரேக் ஷூவிலும் பேடிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் அது முற்றாகத் தடை ஆனது 1999ல்தான். ஏதோ ஒரு ஷெட்டில் கிடந்த பழைய ஸ்டாக்கை அதற்குப் பிறகும் மாட்டியிருக்கலாம். டிரம்மைத் திறந்து ஏர் அடித்துத் தூசியைப் பறக்க விடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள்.

சப்ஃபிரேமைப் பாடியோடு பிடிப்பவை மேலே டவர் போல்ட்டுகள், முன் பேனல் பக்கம் இரண்டு, பின்னால் தரைத்தகட்டில் இரண்டு இடங்கள். 1976க்கு முன் இது இரும்போடு இரும்பாக நேரே உட்காரும். அதற்குப் பிறகு ரப்பர் மவுன்ட், டவருக்கு ஒரே பெரிய போல்ட். பின்பக்க போல்ட்டுகள்தான் துருப்பிடித்து உடையும். இரண்டு நாள் முன்பே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஸ்டியரிங் ராக் சப்ஃபிரேமோடு வராது, அது பாடியின் தரையில் கிளாம்ப் போட்டிருக்கும். ராக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராட் முனைகளைச் சக்கரப் பக்கம் கழற்றினால் போதும்.

திரும்ப மாட்டுவது பாதி நாள் வேலை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன, எல்லோரும் களைத்துப்போன மாலையில். பாடியை இறக்குவதற்கு முன் பிரேக் பைப், கிளட்ச் ஹோஸ், ஒயர், எர்த் ஸ்ட்ராப் எல்லாவற்றையும் நூலால் கட்டி மேலே தூக்கி நிறுத்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் டார்ச் அடித்துச் சுற்றிப் பாருங்கள். எல்லா போல்ட்டும் கையாலேயே நாலு மரை ஏறிய பிறகுதான் ஏதாவது ஒன்றை முறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் மறுபக்கத் துளை நேராக வராது. அப்புறம் கடப்பாரை போட்டு நெம்பும்போதுதான் மரை போகும், பைப் நசுங்கும். போல்ட் கழலாமல் மடித்துப் பிடிக்கும் லாக் டேப் தகட்டில் பழையதை மறுபடி போடாதீர்கள். புதிது சில பவுண்டுகள்தான். இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சில் அளவு வைத்து இறுக்கிய போல்ட்டுகளில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பிரேக்கில் ஏர் எடுத்த பிறகு, பெடலை இரண்டு நிமிடம் பலமாக மிதித்தபடி ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். அந்த 1978 மினியில் இதைச் செய்திருந்தால் கசிவு அன்றே கையில் பட்டிருக்கும்.

அடுத்து வீல் அலைன்மென்ட். மினியின் முன் சக்கரங்களின் முன் விளிம்புகள் மொத்தம் 1/16 அங்குலம் வெளிநோக்கித் திரும்பி இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாத சிறிய கடையில்கூடப் பார்த்துக் கொடுப்பார்கள். அதே நாளில், கட்டாயமில்லை என்றாலும், ஒரு எம்.ஓ.டி. சோதனைக்குப் பதிவு செய்யுங்கள். நான் வேலை செய்த வண்டியைக்கூட வேறொரு இடத்துக்கு அனுப்பித்தான் சோதிக்கிறேன். 100 மைல் ஓடிய பிறகு வண்டியைத் திரும்ப ஸ்டாண்டில் ஏற்றி, பெயின்ட் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.