பக்கவாகு: 'லேட்டராலிட்டி'க்குத் தமிழில் என்ன சொல்?

கைவிரல்களைக் கோத்துப் பாருங்கள். ஒரு பெருவிரல் மேலே நிற்கும். மற்றது மேலே வரும்படி எல்லா விரல்களையும் மாற்றிக் கோத்தால் கை ஒத்துழைக்க மறுக்கும். யாரும் கற்றுத்தராமல், நாமும் தேர்ந்தெடுக்காமல் உடலில் படிந்திருக்கும் இத்தகைய இட வல விருப்பத்துக்கு உளவியலில் 'லேட்டராலிட்டி' என்று பெயர்.

லத்தீன் மொழியில் 'லாட்டுஸ்' என்றால் பக்கம், விலா. இருதரப்பைக் குறிக்கும் 'பைலேட்டரல்' என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான்.

எழுதும் கை இதில் ஒரு பகுதி மட்டுமே. பந்தை உதைக்கும் கால், துளை வழியே பார்க்கும் கண், தொலைபேசியை ஒட்டும் காது என எல்லாம் இதில் அடங்கும். இவை ஒரே பக்கம் சாய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பத்தில் ஒன்பது பேர் வலக்கையர். ஆனால் விரல் கோப்பதில் அந்தப் பெரும்பான்மை மறைந்து, இட வலப் பெருவிரல்கள் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்றாகிவிடுகின்றன. கைகட்டி நிற்கும்போது எந்தக் கை மேலே வரும் என்பதையும் பெருவிரலை வைத்துச் சொல்ல முடியாது. விரல் கோக்கும் முறை மரபுவழி வருகிறதா என்று 1908இலேயே அமெரிக்க உயிரியலாளர் ஃபிராங்க் லுட்ஸ் ஆராய்ந்தார். ஒற்றை மரபணு முடிவு செய்யும் பண்பு என்று இதை வகுப்பறைகளில் காட்டுவதுண்டு. அது தவறு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரே இதில் வேறுபடுவதுண்டு.

தமிழில் 'பக்கச்சார்பு' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்ததும் நடுநிலை தவறியவர்தான் நினைவுக்கு வருகிறார். 'கைப்பழக்கம்' இன்னும் சிக்கலானது. கருவிலிருக்கும் குழந்தைகளே பெரும்பாலும் வலப்பெருவிரலைச் சப்புகின்றன. அங்கே யார் பழக்கியது? பழக்கம் என்று சொல்லும்போதே மாற்றிவிடலாம் என்ற எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. இடக்கைக் குழந்தையின் விரலிலிருந்து பென்சிலைப் பிடுங்கி மறுகையில் திணிப்பதற்கு அந்த எண்ணமே துணைபோகிறது.

ஆகவே 'வாகு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'கைக்கு வாகாக இருக்கிறது' என்கிறோமே, அதே வாகு: இயல்பாகப் பொருந்தும் அமைவு. வீரவாகு என்ற பெயரில் வரும் வாகு வேறு. அது தோளைக் குறிக்கும் வடசொல். 'பக்கம்' வடமொழித் தொடர்புடையது என்றாலும் தமிழில் நன்றாக ஊன்றிவிட்டது. 'பக்கவாதம்' என்பதில் உடலின் பாதியைக் குறிப்பதும் அதுதான். இரண்டையும் சேர்த்தால் பக்கவாகு. கைவாகு, கால்வாகு, கண்வாகு என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கின்றன. 'எழுதுவதில் வலவாகு, விரல் கோப்பதில் இடவாகு உடையவர்' என்று குழப்பமின்றி எழுதலாம்.