கீழ்த்தாடையை இழுத்தால் மேல்தாடை ஏன் முன்னால் வருகிறது?

கடல் உயிரியல் முதலாண்டு படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆளுக்கொரு மீனைக் கொடுத்து எலும்புக்கூடு தயாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சிடி ஸ்கேனில் முப்பரிமாணப் படமே கிடைக்கும்போது, நாற்றத்தோடு மல்லுக்கட்டி முள் பொறுக்குவது எதற்கு? எலும்புகளின் பெயர் தெரிந்தால் போதாதா?"

பரீட்சைக்குப் போதும். நானும் படிக்கிற காலத்தில் இதே புலம்பலைப் புலம்பியவன்தான். அந்த எரிச்சலில் முதல் மீனை அளவில்லாமல் கொதிக்கவிட்டேன். முதுகெலும்பு தப்பித்தது. தலை மட்டும் பாத்திரத்தின் அடியில் ஒரு கைப்பிடிச் சில்லுகளாகக் கிடந்தது. கறுப்புத் துணியில் பரப்பி எண்ண ஆரம்பித்து, 90ஐத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மனித மண்டையோட்டில் 22 எலும்புகள். எலும்பு மீன் ஒன்றின் தலையிலோ, செவுள் வளைவுகளையும் சேர்த்தால், சாதாரணமாக நூற்றுக்கும் மேல். இத்தனூண்டு தலைக்கு இத்தனை எலும்பு எதற்கு? அன்றைக்கு எனக்கு வந்த முதல் நல்ல கேள்வி அதுதான்.

உடம்பை வேகமாகக் கடந்துவிடலாம். முள்ளெலும்புகளின் எண்ணிக்கை இனத்தைக் காட்டிக்கொடுக்கும். கலவா, சங்கரா போன்றவற்றில் 24. விலாங்கில் நூறைத் தாண்டும். ஒரு டன்னுக்கு மேல் எடை ஏறக்கூடிய சூரியமீனுக்கு வெறும் 16. வால் துடுப்பு வெளியிலிருந்து பார்க்க மேலும் கீழும் ஒரே அளவாகத் தெரியும். எலும்பைப் பார்த்தால் முதுகெலும்பின் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். விசிறி மடல் போன்ற தட்டையான எலும்புகள் அதற்குக் கீழே வரிசையாக நிற்கும். சமமாகத் தெரிவது வெளித்தோற்றம் மட்டுமே. கழுத்து கிடையாது. தோள் எலும்பு நேராக மண்டையோட்டின் பின்பக்கத்தோடு மாட்டியிருக்கும். அதனால் மீனால் நம்மைப்போலத் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்ப வேண்டுமென்றால் உடம்போடுதான் திரும்ப வேண்டும். 2004இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த டிக்டாலிக் என்ற 37.5 கோடி ஆண்டுப் பழைய உயிரில் இந்தப் பிணைப்பு விட்டுப்போயிருந்தது. மீனுக்குக் கழுத்து வந்த கதை அது.

இனி தலைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

முதலில் மீனின் சிக்கலைப் புரிந்துகொள்ள வேண்டும். நீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வாயைத் திறந்துகொண்டு இரைமேல் பாய்ந்தால், மீன் போய்ச் சேருவதற்கு முன்பே அது தள்ளும் நீர் இரையையும் முன்னால் தள்ளிவிடும். குளியல்தொட்டியில் மிதக்கும் முடியைக் கையால் பிடிக்கப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். எனவே மீன் பாய்வதோடு நிறுத்தாமல் உறிஞ்சவும் செய்கிறது. வாய்க்குழியைச் சட்டென்று நாலாபக்கமும் விரிக்கிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. நீர் உள்ளே பாய்கிறது, இரையும் கூடவே வருகிறது. நீர் பின்னால் செவுள் வழியாக வெளியேறுகிறது. தவளைமீன்கள் இதை 10 மில்லி விநாடிக்குள் முடித்துவிடும். நாம் ஒருமுறை கண் சிமிட்ட அதைப்போலப் பத்து மடங்கு நேரமாவது ஆகும்.

மனிதத் தலையில் அசைகிற பெரிய எலும்பு கீழ்த்தாடை ஒன்றுதான். ஒரு பெட்டியை நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாப் பக்கமும் விரிக்க அது போதாது. சுவர்களே நகர வேண்டும். தலையில் நூறு எலும்பு இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். மண்டையோடு என்றதும் நமக்கு ஓடுதான் நினைவுக்கு வருகிறது. மீனுடையதை ஒரு குடையின் கம்பிகளாக நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இப்போது கையில் ஒரு மீன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கலவா மாதிரி வாய் பெரிதான மீனாக இருந்தால் நல்லது. பெருவிரலால் கீழ்த்தாடையை மெல்லக் கீழே இழுங்கள். மேல்தாடையை நீங்கள் தொடவே இல்லை. ஆனாலும் அது மேசை இழுப்பறைபோல முன்னால் நழுவி வரும். விட்டால் உள்ளே போகும். முதல்முறை பார்க்கும்போது ஏதோ மறைவாகக் கயிறு கட்டியிருப்பதுபோல இருக்கும். கயிறு கட்டித்தான் இருக்கிறது.

மேல்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு எலும்புகள். முன்னால் பல் உள்ளது பிரீமேக்ஸில்லா. அதற்குப் பின்னால் துடுப்புக்கட்டை போல இருப்பது மேக்ஸில்லா. கலவா வகையில் அதற்குப் பல் கிடையாது. பல்லில்லாத எலும்புக்கு வாயில் என்ன வேலை? அது நெம்புகோல். அதையும் கீழ்த்தாடையையும் ஒரு நார் கட்டிப்போட்டிருக்கிறது. கீழ்த்தாடை இறங்கினால் நார் இறுகும். மேக்ஸில்லா தன் நீளவாட்டில் முறுக்கிக்கொண்டு முன்னால் ஊசலாடும். அதன் தலைப்பகுதி பிரீமேக்ஸில்லாவை நெட்டித் தள்ளும். பிரீமேக்ஸில்லாவிலிருந்து ஒரு நீண்ட கொம்பு மேல்நோக்கிப் போய், மூக்குப் பகுதியில் இருக்கும் சரிவில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கொம்புதான் இழுப்பறையின் தண்டவாளம். கொம்பு எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் வாய் நீளும். காய்ந்த எலும்பைப் பார்த்தே, உயிரோடு இருந்தபோது அந்த மீனின் வாய் எவ்வளவு நீண்டிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எபிபுலஸ் என்ற பவளப்பாறை மீன் தன் தலை நீளத்தில் 65 சதவீதம் வரை தாடையை வெளியே வீசும் என்று 1989இல் வெஸ்ட்னீட், வெய்ன்ரைட் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள்.

வாயை நீட்டுவதில் என்ன லாபம்? உறிஞ்சலின் வீச்சு மிகக் குறைவு. வாயின் விட்டம் எவ்வளவோ அந்தத் தூரத்துக்கு அப்பால் இழுவை அநேகமாக ஒன்றுமில்லை. உறிஞ்சுகுழாயை நீரிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்து உறிஞ்சிப் பாருங்கள், நீர் வராது. எனவே குழாயின் வாயை இரையின் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். உடம்பு முழுவதையும் விரைவுபடுத்துவதைவிட இரண்டு சின்ன எலும்புகளை வீசுவது மலிவு.

இதைவிட அழகான இன்னொன்று தலையின் பின்பக்கத்தில் இருக்கிறது. செவுள்மூடி என்றால் கதவு, செவுளைப் பாதுகாக்கிறது என்றே பள்ளியில் படித்தோம். அதன் மேல்விளிம்பில் ஒரு தசை உண்டு. அது சுருங்கினால் மூடி சற்றே சுழலும். மூடியின் கீழே இண்டர்ஓபர்குலம் என்ற சிறு எலும்பு. அது பின்னால் இழுபடும். அதன் முன்நுனியிலிருந்து ஒரு நார், கீழ்த்தாடையின் பின்மூலையில், கீலுக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் சிறு முனையில் மாட்டியிருக்கிறது. அந்த முனை பின்னால் போனால் தாடையின் முன்பகுதி கீழே இறங்கும். கதவைத் தள்ளினால் வாய் திறக்கிறது!

பொறியியல் படித்தவர்கள் இதை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நான்கு தண்டுகள், நான்கு மூட்டுகள். சைக்கிள் மிதிப்பவரின் தொடை, கணைக்கால், மிதிதண்டு, வண்டிச் சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தது எப்படியோ அப்படியே. மீனில் தொடையின் இடத்தில் செவுள்மூடி, கணைக்காலின் இடத்தில் இண்டர்ஓபர்குலம், மிதிதண்டின் இடத்தில் தாடையின் அந்தப் பின்முனை. அசையாத சட்டத்தின் இடத்தில் தாடையை மண்டையோட்டிலிருந்து தொங்கவிடும் எலும்புத் தொகுதி. தாடையின் பின்முனை குட்டை, முன்பகுதி நீளம். அதனால் மூடி சில பாகைகள் சுழன்றாலே வாய் அகலத் திறந்துவிடும். விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் வியாபாரம் இது. தண்டுகளின் நீளத்தை இனத்துக்கு இனம் சற்றே மாற்றினால் வேகமும் பிடியும் மாறும். பவளப்பாறையில் அத்தனை விதமான வாய்கள் ஒன்றாக வாழ்வதில் இந்த நீளக் கணக்குக்கு நல்ல பங்கு இருக்கிறது.

இதையெல்லாம் இயக்க அவ்வளவு திறன் எங்கிருந்து வருகிறது? தலையில் தசை வைக்க இடமே இல்லையே. 2015இல் பிரவுன் பல்கலைக்கழகக் குழு பாஸ் மீன்களை அதிவேக எக்ஸ்ரே காணொளியில் பிடித்துக் கணக்கிட்டது. உறிஞ்சும் திறனில் 95 சதவீதத்துக்கு மேல் நீந்தும் தசைகளிலிருந்து வருகிறது. முதுகுத் தசை தலையைத் தூக்க, வயிற்றுப்பக்கத் தசை தொண்டை எலும்புகளைப் பின்னால் இழுக்க, வாய் பிளக்கிறது. மீன் உடம்பெல்லாம் சேர்ந்துதான் ஒரு வாய் உண்கிறது.

தாடை தொங்கும் தொகுதியில் ஹயோமாண்டிபுலா என்று ஒரு எலும்பு. தலைக்கும் தாடைக்கும் நடுவே பெரிய தூண். தாடைக்கீல் குவாட்ரேட், ஆர்ட்டிகுலர் என்ற இரண்டுக்கு இடையில். மீனின் வாயைத் திறந்து மூடும்போது விரலுக்குக் கீழே உராய்வது இந்த இரண்டும்தான். 1837இல் ரைக்கர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களை ஆராய்ந்து, பாலூட்டிகளின் நடுச்செவியில் உள்ள சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் இந்தக் கீலிலிருந்து வந்தவை என்று காட்டினார். ஹயோமாண்டிபுலா? அது சுருங்கிச் சுருங்கி, சுமார் 3 மில்லிமீட்டர் அங்கவடி எலும்பாக நம் காதில் இருக்கிறது. நீங்கள் எதையாவது கேட்கும்போதெல்லாம் ஒரு பழைய மீனின் தாடைக்கீல் அதிர்கிறது. கையில் அந்தக் கீலைப் பிடித்து அசைத்த பிறகு இதைப் படிப்பதற்கும், வெறுமனே படிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என்னால் எழுத்தில் சொல்ல முடியாது.

காது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கடல் கெளுத்தியின் மண்டையோட்டைக் கவிழ்த்தால் அடிப்பக்கத்தில் சிலுவையில் அறைந்த உருவம் போலத் தெரியும். குலுக்கினால் கலகலக்கும், அது இயேசுவின் சிலுவையடியில் படைவீரர்கள் உருட்டிய பகடை என்று சொல்லி அதிசயப் பொருளாக விற்கிறார்கள். யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்வது என் நோக்கமில்லை. ஆனால் கலகலப்பது செவிக்கல். மீனின் உள்காதில் மூன்று ஜோடிக் கற்கள் உண்டு. கெளுத்தியில் அவற்றில் ஒரு ஜோடி அசாத்தியப் பெரிது. மரத்தின் வளையங்கள்போல அவற்றில் அடுக்குகள் சேரும். 1971இல் பனெல்லா என்ற ஆய்வாளர் நாளுக்கொரு வளையம் படிவதைக் காட்டிய பிறகு, குஞ்சு மீனின் வயதை நாள் கணக்கில் சொல்ல முடிகிறது. தன் பிறந்தநாளைக் காதுக்குள் வைத்துக்கொண்டு திரியும் ஒரு பிராணியிடம் பகடைக் கதையைத் தேடுவது எனக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் படுகிறது.

சரி, ஸ்கேன். அதற்கு நான் எதிரியல்ல. 2017இல் தொடங்கிய ஓவெர்ட் திட்டத்தில் 18 அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து 13,000க்கும் மேற்பட்ட முதுகெலும்பிகளை ஸ்கேன் செய்து இலவசமாகத் திறந்துவிட்டிருக்கின்றன. பார்த்துப் பார்த்துச் சலிக்காது. ஆனால் சாதாரண சிடி ஸ்கேன் எலும்பைக் காட்டுமே தவிர, நார் எங்கே இறுகுகிறது, எங்கே தளர்கிறது என்பதைக் காட்டாது. மேலே சொன்ன இயக்கம் முழுவதும் நார்களில் இருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்கேன் செய்ய மீன் வேண்டுமே! யாரோ எப்போதோ பிடித்து, பெயரும் இடமும் எழுதி, ஜாடியில் போட்டு, ஆவியாகும் சாராயத்தை நிரப்பிக்கொண்டே இருந்ததால்தான் இன்றைக்கு அது இயந்திரத்துக்குள் போகிறது. புது இயந்திரம் வாங்கப் பணம் தருபவர்கள், அலமாரிக்கும் சாராயத்துக்கும் ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்துக்கும் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 1938இல் தென்னாப்பிரிக்காவில், எப்போதோ அழிந்துபோனதாக நினைத்திருந்த சீலகாந்த் என்ற மீன் முதன்முதலாகக் கிடைத்தபோது அதைப் பதப்படுத்த வசதியில்லை. உள்ளுறுப்புகள் அழுகி வீசப்பட்டன. அடுத்த மீனுக்காக 1952 வரை, 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

எனவே, வாசகரே, மீனைக் கொதிக்கவிடாதீர்கள். சூடான நீர் போதும், பழைய பல்துலக்கியும் இடுக்கியும் போதும். வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடு. துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவம் வேண்டாம், எலும்பையே அரித்துவிடும். தலையின் வலப்பக்கத்தை மட்டும் பிரியுங்கள். இடப்பக்கத்தை நார்களோடு அப்படியே விட்டுவைத்து, வலப்பக்க எலும்பு ஒவ்வொன்றையும் எடுக்குமுன் இடப்பக்கத்தில் அதன் ஜோடியை அசைத்துப் பாருங்கள். செவிக்கல்லை மறந்துவிடாமல் முதலிலேயே எடுத்துவிடுங்கள். கழுவும் நீரோடு போய்விடும். நான் என்னுடையதை அப்படித்தான் தொலைத்தேன்.