மின்மாற்றியைத் திறந்தபோது என்ன இருந்தது?

மின்மாற்றியின் அடி வால்விலிருந்து எண்ணெய் மாதிரி எடுக்கப் பொறுமை வேண்டும். முதலில் வருவது குழாயில் தேங்கிக் கிடந்த பழைய எண்ணெய். அதை வாளியில் விட்டுவிட வேண்டும். பிறகு கண்ணாடி சிரிஞ்சில் ஒரு காற்றுக்குமிழிகூட நுழையாமல் மெல்ல நிரப்ப வேண்டும். குமிழி இருந்தால் எண்ணெயில் கரைந்திருக்கும் வாயு அதற்குள் போய்விடும். ஆய்வகத்தின் கணக்குத் தப்பிவிடும். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏறினால் உள்ளே சிறு மின்னிறக்கம், எத்திலீன் ஏறினால் கடும் சூடு, அசிட்டிலீன் தலைகாட்டினால் மின்பொறி. ரத்தப் பரிசோதனை அறிக்கையை மருத்துவர் படிப்பதுபோல் இதைப் படிக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு 110 கிலோவோல்ட் மின்மாற்றியில் அசிட்டிலீன் வேகமாக ஏறியது. புதிதாக நிறுவியிருந்த செயற்கை நுண்ணறிவு மென்பொருள் 'உள்ளே மின்பொறி, உடனே நிறுத்துங்கள்' என்றது. நிறுத்தினோம். எண்ணெயை வடித்து, ஆள் இறங்கிப் பார்த்தால் உள்ளே இருந்த கம்பிச்சுருள் புதிதுபோல் இருந்தது. குற்றவாளி, மின்மாற்றியிலேயே பக்கத்துத் தனி அறையில் இருந்த டேப் சேஞ்சர். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் கருவி ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி பறக்கும், அது இயல்பு. அசிட்டிலீன் சேர்ந்த அதன் எண்ணெய், தேய்ந்துபோன சீல் வழியாகச் சுருள் இருக்கும் முதன்மைத் தொட்டிக்குள் கசிந்திருந்தது. ஹைட்ரஜனைப் போல் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் அசிட்டிலீன் இருந்தால் இந்தக் கசிவைச் சந்தேகிக்கலாம் என்று ஐ.இ.சி. 60599 என்ற சர்வதேசத் தரநிலையே சொல்கிறது. மென்பொருளுக்குக் கொடுத்த பழைய பதிவுகளில் அப்படி ஒரு கசிவுகூட இல்லை.

பிற்பாடு ஒரு பயிற்சி வகுப்பில் தெரியவந்தது: வேறொரு மின் நிறுவனத்தில் அதே வகை மின்மாற்றியில் அதே கசிவு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. கோப்பில் எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

நம் துறையில் செயற்கை நுண்ணறிவுக்கு உள்ள பெரிய தடை கணினியின் வேகமோ பணமோ இல்லை. பழுதுகள் அரிதாக நடப்பதுதான். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சிக்ரே என்ற சர்வதேச மின்துறை வல்லுநர் அமைப்பு 2015இல் வெளியிட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள். 21 நாடுகள், 56 மின் நிறுவனங்கள், 1,67,459 மின்மாற்றி-ஆண்டுகள் (ஒரு மின்மாற்றி ஓர் ஆண்டு இயங்கினால் ஒரு மின்மாற்றி-ஆண்டு); அத்தனையையும் சேர்த்தால் 964 பெரும்பழுதுகள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நூறு மின்மாற்றி வைத்திருக்கும் நிறுவனம் சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு பழுதைத்தான் பார்க்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு இயந்திரம் என்ன கற்றுக்கொள்ளும்? கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் மின் நிறுவனத்தில் மிஷெல் டுவால் 1974இல் வகுத்த, வாயுக்களின் விகிதத்தை வைத்துப் பழுதைக் கண்டறியும் முக்கோண வரைபடத்தை இன்றும் நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம் என்றால், வாயு அளவோடு, பழுதான மின்மாற்றிகளைத் திறந்து பார்த்ததில் கிடைத்த உண்மையும் அதற்குள் இருக்கிறது.

தனித்தனியே கற்க முடியாது, சேர்ந்துதான் கற்க வேண்டும் என்பதை அமெரிக்காவில் உணர்ந்திருக்கிறார்கள். 1965 நவம்பரில் அந்நாட்டின் வடகிழக்கும் கனடாவின் ஒன்டாரியோவும் இருளில் மூழ்கி, மூன்று கோடிப் பேர் தவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1972இல் மின் நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஆய்வு நிறுவனம் எப்ரி. அந்த எப்ரிதான் 2025 மார்ச்சில் 'ஓப்பன் பவர் ஏஐ கன்சார்டியம்' என்ற கூட்டமைப்பைத் தொடங்கியது. டியூக் எனர்ஜி, கான் எடிசன், பி.ஜி. அண்டு இ. போன்ற மின் நிறுவனங்களும் என்விடியா, மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள் போன்ற கணினி நிறுவனங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, மின்துறைக்கென்றே ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் (மாடலை) பொதுவாக உருவாக்க முனைகின்றன. நல்ல தொடக்கம். ஆனால் மேசையில் கணினிக்காரர்கள் எத்தனை பேர் இருந்தாலும், பழுதைத் திறந்து பார்த்தவரின் குறிப்பு வராவிட்டால் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தக் குறிப்பு ஏன் வருவதில்லை? 'யார் தவறு' என்ற கேள்வி முதலில் வந்து நிற்பதால். பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'மழை', 'இடி', 'தெரியவில்லை' என்று எழுதி முடித்த பக்கங்களை நான் நிறையப் புரட்டியிருக்கிறேன். எழுதியவர் பாவம், விளக்கக் கடிதத்துக்குப் பயந்தவர். அந்தப் பக்கத்தை இயந்திரத்துக்குக் கொடுத்தால் சுருளைக் கெடுத்தது மழைதான் என்று அது நம்பிவிடும்.

மின்கட்டமைப்பின் விவரங்களை வெளியே விடுவது ஆபத்து என்பார்கள், நியாயமான கவலை. ஆனால் துணை மின்நிலையத்தின் பெயரும் ஊரும் இல்லாமலே ஒரு பழுதை முழுமையாகச் சொல்ல முடியும். தரவு அவரவர் கணினியிலேயே இருக்க, நுண்ணறிவு மாதிரி மட்டும் ஒவ்வோர் இடமாகப் போய்க் கற்று வரும் முறையும் இன்று இருக்கிறது.

இளம் பொறியாளர்களிடம் நான் கேட்பது இதுதான். எண்ணெய் மாதிரி எடுக்கும்போது அதன் வெப்பநிலை, அப்போதைய லோடு, கடைசியாக எண்ணெய் வடிகட்டிய தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதுங்கள். வடிகட்டினால் வாயு வெளியேறிவிடும். அந்தத் தேதி குறிக்காத எண்ணெய் மாதிரி, நோயுற்ற மின்மாற்றியையும் நலம் என்று காட்டும். திறந்து பார்த்தால், எதுவும் இல்லாவிட்டாலும் 'எதுவும் இல்லை' என்று எழுதிப் படம் எடுத்து வையுங்கள்.

அந்த டேப் சேஞ்சர் கசிவின் அறிக்கையை ஊர்ப்பெயர் நீக்கி, வாயு அளவுகளோடும் தேய்ந்த சீலின் படத்தோடும் கேட்பவர்களுக்குக் கொடுக்க மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். இதுவரை இரண்டு நிறுவனங்களிலிருந்து கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.