நிற்க மறுக்கும் லூப்

“10 இடமுள்ள அரே முழுவதும் 0 நிரப்ப ஃபார் லூப் எழுதினேன். எரர் வரவில்லை, ஆனால் புரோகிராம் முடியவே இல்லை” என்று கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சி மொழி. லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று; சுற்றுகளை எண்ணும் மாறி ஐ. லூப்பின் நிபந்தனை: ஐ <= 10.

வைத்தியம் சுலபம். <= இருக்கும் இடத்தில் < போடுங்கள். 10 இடங்களுக்கு எண்கள் 0 முதல் 9 வரைதான். ஆனால் ஏன் முடியவில்லை என்பதில்தான் சுவாரசியமே.

சி-யின் அரே, நினைவகத்தில் வரிசையாகக் கிடக்கும் இடங்கள், அவ்வளவுதான். ஒவ்வொன்றும் 4 பைட் என்றால், 7-ஆம் எண்ணைக் கேட்டதும் தொடக்க முகவரியோடு 28-ஐக் கூட்டி அங்கே போய் நிற்கும். 10 கேட்டால் 40. அது அரேவைத் தாண்டிய இடமாயிற்றே என்று யாரும் தடுப்பதில்லை. அந்த இடத்தில் குடியிருப்பவர் யார்? நாம் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், ஐ-யை அரேவை ஒட்டி வைத்திருந்தால், ஐ-யேதான்! ஐ 10 ஆனதும் லூப் அங்கே 0 எழுதுகிறது. எழுதியது தன் தலையிலேயே. ஐ இப்போது 0. ஒன்று கூடி 1. 10-ஐவிடச் சிறியது, ஆகவே இன்னொரு சுற்று. இப்படியே கரன்ட் போகும்வரை.

வேறு கம்பைலரில் இதே புரோகிராம் சமர்த்தாக முடிந்துவிடலாம். எல்லை மீறினால் என்ன ஆகும் என்று சி-யின் இலக்கணம் எந்த உறுதியும் தருவதில்லை. ஜாவாவும் பைத்தானும் ஒவ்வொரு முறையும் சோதித்து எரர் காட்டும். சி-யில் ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களை வைத்திருப்பவர்கள், நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டு ஓட்டுங்கள். அரேவைச் சுற்றித் தடைப்பகுதி வைத்து, மீறிய வரியைக் காட்டிக்கொடுக்கும்.

நம்மில் பலர் செய்வது வேறு: ஒன்றைக் கூட்டிப் பார்ப்பது, கழித்துப் பார்ப்பது, விடை வந்தால் கும்பிட்டுவிட்டு நகர்வது. புது வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே காரணத்தோடு எழுதிவிட்டார்: தொடக்கத்தைச் சேர், முடிவைச் சேர்க்காதே. 0 முதல் 10-க்கு முன்வரை என்றால் கழித்தாலே நீளம் வந்துவிடும். 0–4, 4–10 என்று பிரித்தாலும் எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை வராது. காலி அரேவும் தனிக் கவனிப்பு கேட்காது.

பின்னாலிருந்து வரும்போது மட்டும் உஷார். மைனஸ் எண்களே இல்லாத அன்சைன்ட் வகையில் 0-விலிருந்து 1 கழித்தால் 32 பிட்டில் 4294967295 ஆகும்; ஐ >= 0 என்பது ஒருநாளும் பொய்க்காது. ஐ-யை 10-இல் தொடங்கி, ஐ > 0 தானா என்று முதலில் பாருங்கள். ஒன்றைக் குறைத்துவிட்டு அப்புறம் அரேவைத் தொடுங்கள்.