ஏழு நாள் தவணை: ஏடிஎச்டி குழுப் பயிற்சி எப்படி வேலை செய்கிறது?

“ஏடிஎச்டி இருக்கிறது என்று சொன்ன டாக்டர், மாத்திரையோடு 12 வாரக் குழுப் பயிற்சிக்கும் போகச் சொல்கிறார். பத்துப் பேரோடு உட்கார்ந்து டைரி எழுதப் பழகினால் மூளை மாறிவிடுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது. நியாயமான கிண்டல்தான்.

ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவு–மிகை இயக்கக் கோளாறு, சிறுவயதோடு போய்விடுகிற சமாச்சாரம் இல்லை. பெரியவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இருக்கிறது. கவனச்சிதறல், மறதி, எதையும் கடைசி நேரத்துக்குத் தள்ளுவது எல்லாம் தெரிந்ததே. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் கதையும் படித்திருப்பீர்கள்: நரம்பணுக்களுக்கு இடையில் சுரக்கும் டோபமைன் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் மெதைல்பெனிடேட் போன்ற மருந்துகள் தடுக்கின்றன. சரி, அது மாத்திரையின் வேலை. வகுப்பு என்ன செய்கிறது?

இன்றே 100 வேண்டுமா, ஒரு மாதம் கழித்து 150 வேண்டுமா என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். தள்ளிப்போகும் பலன் மனத்தில் தேய்கிறது. எப்படித் தேய்கிறது என்பதில்தான் அழகே இருக்கிறது. ஜேம்ஸ் மஸூர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனை செய்து, 1987இல் ஓர் எளிய கணக்கைச் சொன்னார். காத்திருக்கும் நேரத்தை ஓர் எண்ணால் பெருக்கி, அதோடு ஒன்றைக் கூட்டி, வரும் விடையால் பலனை வகுக்க வேண்டும்; கிடைப்பதுதான் அந்தப் பலன் இன்று மனத்தில் பெறும் மதிப்பு. மனிதர்களுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது. அந்த எண் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஏடிஎச்டி உள்ளவர்களுக்கு அது சராசரியாகக் கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒருவருக்கு அந்த எண் 0.02, இன்னொருவருக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் தள்ளியிருக்கும் 100, முதல் ஆளுக்கு இன்று 62 போலத் தோன்றும். இரண்டாம் ஆளுக்கு வெறும் 25. இன்னும் பத்து நாள் போகட்டும். இரண்டாம் ஆளுக்கு அது 33 ஆகிறது, அவ்வளவுதான். ஆனால் கடைசிப் பத்து நாளில் அதே பலன் 50இலிருந்து 100க்குத் தாவுகிறது. மூன்று வாரம் தொடாத வேலையைக் கடைசி ராத்திரியில் பேய் பிடித்ததுபோல முடிக்கிறாரே, அவரைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தோம். மெல்ல ஏறிக் கடைசியில் தாவும் இந்த வளைகோட்டின் மேல்தான் அவர் நடந்துகொண்டிருந்தார்.

இப்போது வகுப்புக்கு வருவோம். நியூயார்க்கில் மேரி சொலாண்டோவின் குழு 88 பெரியவர்களிடம் சோதித்து 2010இல் வெளியிட்ட பயிற்சியில் கற்றுக்கொடுத்தவை இவைதான்: வேலைகளையும் நேரத்தையும் திட்டமிடுவது, பெரிய வேலையைத் துண்டுபோடுவது, ஒரு துண்டு முடிந்ததும் தனக்குத் தானே சின்னப் பரிசு கொடுத்துக்கொள்வது, தூரத்துப் பலனை மனத்தில் படமாகப் பார்ப்பது. மேலே உள்ள கணக்கோடு வைத்துப் பாருங்கள். அந்தப் பொல்லாத எண்ணை யாரும் தொடவே இல்லை. கை வைத்தது நாட்களின் மேல். தொடங்கவே முடியவில்லையா, முதல் படி பெரிதாக இருக்கிறது, இன்னும் சிறிதாக்கு என்கிறார்கள். அடுத்த வாரம் “என்ன ஆச்சு?” என்று கேட்கப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் தலையசைப்பும் ஒரு பலன்தான், அது எப்போதும் ஏழு நாளுக்குள்ளேயே கிடைக்கிறது. 0.1 ஆளுக்கு ஏழு நாள் தள்ளியிருக்கும் 100, கிட்டத்தட்ட 59. மாதக் கடைசியின் 25 எங்கே, இது எங்கே!

அப்படியானால் கூடிப் பேசினாலே போதாதா? இதை சொலாண்டோவும் யோசித்திருக்கிறார். ஒப்பிடுவதற்காகச் சிலரைத் தனிக் குழுக்களாக உட்கார வைத்து, ஆறுதலும் ஆதரவும் மட்டும் கொடுத்தார்கள். கவனக்குறைவு அதிகம் குறைந்தது உத்திகள் கற்றவர்களுக்குத்தான்.

ஆனால் ஜெர்மனியில் 433 பேரிடம் நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வு உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. அங்கே நடந்தது வேறு வகைக் குழுச் சிகிச்சை. டாக்டரிடம் தனியாகப் போய் ஆலோசனை பெற்றவர்களைவிட, குழுவில் இருந்தவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறையவில்லை. மெதைல்பெனிடேட் மட்டும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தெளிவாக முந்தியது. எனவே மாத்திரையை விட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அந்த ஆய்வுக்கு அரசு பணம் கொடுத்தது. மாத்திரையை விற்கக் கம்பெனி இருக்கிறது, டைரி எழுதும் பழக்கத்தை யார் விற்பார்கள்? இதையெல்லாம் சோதிக்கப் பொதுப்பணம்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்வீடனில் இன்னொரு வகை இருக்கிறது. எட்டு அமர்வுகள், கூடவே துணைவரோ நெருங்கிய உறவினரோ வந்து உட்கார வேண்டும். ஏடிஎச்டி பற்றிய அறிவு இரு தரப்புக்கும் கூடியது. வீட்டிலேயே ஓர் ஆளுக்கு விஷயம் புரிந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏனென்றால், வாசகரே, 13ஆம் வாரத்தில் அந்தப் பத்துப் பேரும் இருக்க மாட்டார்கள். நாட்களைத்தான் சுருக்கினோம், எண் அப்படியே இருக்கிறது. ஜெர்மானியர்கள் வார வகுப்புகள் முடிந்தபின் மாதம் ஒருமுறை கூட்டினார்கள்; என் கணக்கில் மாதம் மிகத் தூரம். வகுப்பு முடிவதற்குள் குழுவில் ஒருவரையோ வீட்டில் ஒருவரையோ பிடித்து, வாரம் ஒரு கிழமை “என்ன ஆச்சு?” என்று கேட்கச் சொல்லி வையுங்கள்.